நானாத்தான் உட்கார்ந்தேன்

செங்கோடன் விழுந்ததை மொத்தம் முப்பத்தெட்டு பேர் பார்த்தார்கள். பஸ்ஸுக்குள் இருந்த முப்பத்தாறு பயணிகள், முன் இருக்கையில் குறிப்பேட்டுடன் இருந்த தேர்வு அதிகாரி, அப்புறம் சிங்காநல்லூர் வளைவில் இளநீர் சீவிக்கொண்டிருந்த ஒருவர். அந்த இளநீர்க்காரர் போட்ட கூச்சல் உக்கடம் வரைக்கும் கேட்டது, குளத்தில் மேய்ந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது என்று சொல்கிறார்கள். கொக்கைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் அவர் விழுந்ததில் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை.

மறுத்தது அவருடைய வலது காலின் செயற்கை முட்டி மட்டும்தான்.

"காலை 11.17. அணிபவர் உட்கார விரும்பினார். உட்கார உதவப்பட்டது. காரணம்: அணிபவர் விருப்பம்." முட்டிக்குள்ளிருந்த கம்ப்யூட்டர் சில்லு இப்படித்தான் எழுதி வைத்திருந்தது.

ஓடும் பஸ்ஸில், நடுப்பாதையில், இரண்டு கையிலும் டிக்கெட் மெஷினைப் பிடித்துக்கொண்டு, தரையில் எதற்கு ஒரு மனுஷன் உட்கார விரும்புவான் என்று முட்டியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது பதில் சொல்லியிருக்காது. அது சொன்ன சொல் மாறாத முட்டி.

அந்தக் காலத்தில் பஸ்ஸுக்கு டிரைவர் கிடையாது. தானே ஓடும், தானே நிற்கும், மாடு வந்தால் தானே ஹாரன் அடிக்கும். ஆனால் டிரைவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிய கம்ப்யூட்டரால் கண்டக்டரை மட்டும் அசைக்க முடியவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. காந்திபுரத்தில் ஒரு பஸ்ஸுக்குள், "அன்பான பயணிகளே, உள்ளே நகரவும்" என்று தேன் ஒழுகப் பேசும் குரலைப் பொருத்திப் பார்த்தார்கள். படிக்கட்டில் நின்றவர்கள் ஓர் அங்குலம் நகரவில்லை. பஸ் மூன்று நாள் அங்கேயே நின்றது. உள்ளே ஒரு நிச்சயதார்த்தமே நடந்து முடிந்தது. நான்காம் நாள் ஒரு கண்டக்டர் ஏறி, அடிவயிற்றிலிருந்து "உள்ள போங்க, உள்ள போங்க" என்றார். அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பியது.

அந்தக் கண்டக்டர் செங்கோடன்தான். இருபத்தாறு வருட அனுபவம். எந்தக் கம்பியையும் தொடாமல், எந்த வளைவிலும் ஆடாமல் நிற்கிறவர். திரும்பும் பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் அவர் உடம்பு ஒரு நொடி முன்னதாகவே சாய்ந்திருக்கும். பாதை முழுவதும் அவர் காலுக்குள் இருந்தது.

டிப்போவில் ரிவர்ஸில் வந்த ஒரு வண்டி அந்தக் காலில் ஒன்றை, வலது தொடைக்குப் பாதியில், எடுத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி காலைப் பற்றியது இல்லை. தன்னுடைய வண்டியில் இப்போது யார் போகிறார் என்றுதான் மனைவி துளசிமணியிடம் கேட்டார்.

மறுபடி கண்டக்டராவதற்கு வழி ஒன்று இருந்தது. செயற்கைக் காலோடு, கை பிடிக்காமல், சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் வரை ஓடும் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக் காட்ட வேண்டும். முட்டி கோளாறு செய்து விழுந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அணிந்தவரே விரும்பி உட்கார்ந்தால், பணி நேரத்தில் கடமை தவறியதாகக் கணக்கு. அதற்கப்புறம் அந்தக் காக்கிச் சட்டையை அவர் மறந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே முட்டி எழுதிய அந்த இரண்டு சொல்தான் இப்போது செங்கோடனின் கழுத்தைப் பிடித்தது.

முட்டியைச் செய்தவன் அந்நியன் இல்லை, ஆறுச்சாமி. பீளமேட்டில் பம்புக்கு வால்வு செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவன். இருபது வருடம் செங்கோடனின் பஸ்ஸில் வந்து போனவன். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவான். அவன் நிறுத்தம் வந்ததும் தோளைத் தட்டி எழுப்பி இறக்கிவிடுவது செங்கோடனின் வேலை. தினமும் தப்பாமல் ஒருத்தரை ஒருத்தர் இப்படி நம்பி இருபது வருடம் ஓடினால், அதற்குச் சிநேகிதம் என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பது?

கால் போன மூன்றாம் மாதம், பட்டறையை விட்டு வந்து 'தாங்கி' என்ற புதுக் கம்பெனியில் முட்டி வடிவமைக்கும் பொறுப்பில் இருந்த ஆறுச்சாமி, சக்கர நாற்காலியில் இருந்த செங்கோடனைத் தன் சோதனைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"முட்டின்னா கதவுக் கீல்னு நெனச்சியா மாப்ள? அது வால்வு. பம்புல தண்ணிய விடறதா வேண்டாமான்னு முடிவு பண்றாப்ல, இதுல எண்ணெயை விடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணோணும். குதிகால் பட்டா இறுக்கோணும், பெருவிரல் எழும்புனா எளக்கோணும். இடறுச்சுன்னா இரும்பாட்ட நிக்கோணும். உட்கார்றப்ப மட்டும் மெதுவா எறக்கி வெக்கோணும்."

"இதுல நான் எதுக்கு?"

"இடறுறதும் உட்கார்றதும் ஆரம்பத்துல ஒண்ணுபோலத்தான் இருக்கும். தொடை ஒரே மாதிரிதான் துடிக்கும். எது எதுன்னு முட்டிக்கு யாராச்சும் சொல்லிக் குடுக்கோணுமல்லோ? அதுக்குத்தான் நீ."

அப்போதுதான் அவன் அந்தப் பெட்டியைக் கையில் கொடுத்தான். சோப்பு டப்பா அளவு. மேலே சின்னத் திரை, கீழே இரண்டு பொத்தான். பச்சையில் 'உட்கார்ந்தேன்' என்றும் சிவப்பில் 'விழுந்தேன்' என்றும் எழுதியிருந்தது. தரைக்கு வரும்போதெல்லாம் இரண்டில் ஒன்றை அமுக்க வேண்டும். செங்கோடன் கைரேகைக்கு மட்டும்தான் அது வேலை செய்யும்.

முதல் நாள், நான்காவது அடியில், செங்கோடன் விழுந்தார். சாதாரண விழுகை இல்லை. மேசைமேல் இருந்த டம்ளர்கள் குதித்தன, பக்கத்துக் கட்டடத்தில் ஃபேன் நின்றது. அந்த நேரம் பார்த்து, கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் பன்னிரண்டு பேர் தேநீர் இடைவேளைக்கு வந்து வராந்தாவில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அவர் பஸ்ஸில் தினமும் வந்தவள். "ஐயோ, கண்டக்டர் அண்ணா விழுந்துட்டாரு" என்றாள்.

இருபத்தாறு வருடம் ஓடும் பஸ்ஸில் கம்பியைத் தொடாத மனுஷன், சும்மா கிடந்த தரையில் விழுந்தார் என்று ஊரெல்லாம் பேசுமா? செங்கோடன் தரையில் இருந்தபடியே சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"விழுகலீங்க அம்மிணி. நானாத்தான் உட்கார்ந்தேன்."

ஆறுச்சாமி பக்கத்தில் குந்தி, அவர் முதுகில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினான். காதோரம் சொன்னான்: "பச்சையவே அமுத்து மாப்ள. உன்ற மானம் நமக்குள்ள இருக்கட்டும்."

பச்சை அமுக்கப்பட்டது. அன்றைக்கு மட்டும்தான் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

மூன்று வருடம். முந்நூற்றுப் பன்னிரண்டு முறை. சரிவில், படியில், சரளைக்கல்லில், ஈரத் தரையில், ஒரு தடவை அமைச்சர் ஒருவரின் காலடியில். ஒவ்வொரு தடவையும் செங்கோடன் தானாகத்தான் உட்கார்ந்தார். பச்சைப் பொத்தானில் எழுத்து தேய்ந்து, வர்ணமும் போய், உள்ளேயிருந்த வெள்ளை தெரிந்தது. சிவப்பு மட்டும் கடையிலிருந்து நேற்று வந்தது போலப் பளபளத்தது.

அப்படிப் பாடம் கேட்டு, வார்ப்பு வார்ப்பாகத் திருத்தி வளர்த்த முட்டியில் ஐந்தாவது வார்ப்பு நாடெங்கும் நாற்பதாயிரம் பேர் தொடையில் ஏறியது. அதே வார்ப்பைத்தான் தேர்வுக்கு முந்தின வாரம் ஆறுச்சாமி தன் கையால் செங்கோடனுக்கு மாட்டிவிட்டான்.

இப்போது விழுந்தாயிற்று, டிப்போவில் விசாரணையும் வைத்துவிட்டார்கள். விசாரணைக்கு முந்தின நாள் செங்கோடன் அவனிடம் போய் உட்கார்ந்தார். உண்மையாகவே, நாற்காலியில்தான். கம்பெனி சார்பில் தானே வரப்போவதாக ஆறுச்சாமி சொன்னான். முட்டியில் என்ன நடந்தது என்று தனக்குத் தெரியும், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

"நீ வாயத் தொறக்காதே மாப்ள. நான் பேசிக்கிறேன்."

செங்கோடன் வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டார். மேல் பொத்தான் தளர்ந்திருந்தது, அதைத் துளசிமணி இறுக்கித் தைத்துக் கொடுத்தாள்.

விசாரணை டிப்போ மாடியில் நடந்தது. நடுவில் ஜெபராணி என்ற அதிகாரி. சிரித்தே பழக்கமில்லாத முகம், அதனாலேயே அவர் நியாயமானவர் என்று செங்கோடன் நம்பினார். சிரிக்கிறவர்களிடம் ஏமாந்த அனுபவம் கண்டக்டருக்கு நிறைய உண்டு. சுவரோரம் பழைய சகாக்கள் முப்பது பேர் நின்றார்கள்.

இளநீர்க்காரர் சாட்சி சொன்னார். பயணிகள் சொன்னார்கள். எல்லாம் ஒன்றுதான்: பஸ் திரும்பியது, இவர் இடறினார், கால் தாங்கவில்லை, விழுந்தார். செங்கோடனுக்கு நெஞ்சு லேசானது. அப்புறம் ஆறுச்சாமியைக் கூப்பிட்டார்கள்.

ஆறுச்சாமி செங்கோடனைப் பார்க்காமல் எழுந்து வந்தான். முட்டி சரியாகவே வேலை செய்தது என்றான். பதிவும் சரி என்றான். அணிபவர் உட்கார நினைத்தார், முட்டி உட்கார வைத்தது, அவ்வளவுதான்.

"விரும்பினார் என்று முட்டிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ஜெபராணி.

"அவரே சொல்லிக் குடுத்ததுங்க மேடம். இப்படித் தொடை துடிச்சா நான் உட்கார நினைக்கிறேன்னு அர்த்தம்னு மூணு வருஷம் பாடம் எடுத்திருக்காரு. இந்த வார்ப்பு அதைக் கேட்டுத்தான் வளர்ந்துச்சு."

சொல்லிவிட்டு, மஞ்சள் பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு பச்சை. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

செங்கோடனுக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெட்டி இப்படி ஒரு சபைக்கு வந்ததே இல்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பொருள். யாரோ தன் வீட்டு உள்ளறைக்குள் போய், மடித்து வைத்திருந்த துணியை நடுத்தெருவில் உதறிக் காட்டியது போல இருந்தது. அன்றைக்கு அவர் முதுகில் தூசி தட்டிய அதே கைதான். நகத்தில் எண்ணெய்க் கறைகூட மாறவில்லை.

ஜெபராணி பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மற்றவர்களிடமிருந்து இதுபோலப் புகார் வந்ததா என்று கேட்டார்.

"ஆயிரத்துச் சொச்சம் வந்துச்சுங்க. எட்டு மாசமா வருது. கரும்பலகை முன்னாடி ஒரு வாத்தியார், பூக்கூடையோட ஒரு அம்மா, இப்படி. கால் எடறுனா நிக்காம உட்கார வெக்குதுன்னு எழுதறாங்க. பதிவப் பார்த்தா எல்லாம் அணிபவர் விருப்பம்தானுங்க. அப்படியே பதில் போட்டுட்டோம்."

எட்டு மாதம். அப்படியானால் தேர்வுக்கு முந்தின வாரம் இதைத் தன் தொடையில் மாட்டும்போது இவனுக்குத் தெரியும். பட்டையை இறுக்கிவிட்டு, "ஜம்முனு இருக்கு மாப்ள" என்றானே, அப்போதே தெரியும்.

செங்கோடன் அந்த வாத்தியாரை நினைத்துப் பார்த்தார். நாற்பது பிள்ளைகள் முன்னால், சுண்ணாம்புக் கட்டியோடு, மெதுவாக, மிகவும் மரியாதையாகத் தரையில் இறக்கி வைக்கப்படுகிற ஒரு வாத்தியார். அவர் எழுந்து பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பார் என்று செங்கோடனுக்குத் தெரியும். அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

"இதை அமுக்கியது உங்கள் கைதானா?" என்றார் ஜெபராணி.

ஆமாம் என்றால் கதை முடிந்தது. தானாக உட்கார்ந்தவர். வாயைத் திறக்காதே என்று ஆறுச்சாமி வேறு சொல்லியிருந்தான். செங்கோடன் சுவரோரம் நின்ற முப்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தன்னை வளைவில் ஆடாதவர் என்று புதுக் கண்டக்டர்களுக்குக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டவர்கள்.

"என்ற கைதானுங்க. ஆனா நான் உட்காரலீங்க," என்றார். "விழுந்தேன்."

"எப்போது?"

"எல்லாத் தடவையும்."

கீழே டிப்போவில் ஒரு பஸ் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. இருபத்தாறு வருடத்தில் "உள்ள போங்க" என்று எத்தனை லட்சம் தடவை சொல்லியிருப்பார்! அதற்கெல்லாம் சேர்த்துச் செலவான மூச்சு இந்த ஒரு சொல்லுக்குச் செலவானது.

தேநீருக்குப் பிறகு ஜெபராணி முடிவை வாசித்தார். விழுந்தது முட்டியின் தவறால்தான், செங்கோடன் கடமை தவறவில்லை. அதுவரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முட்டி தவறியதற்குக் காரணம் செங்கோடன் தந்த பொய்யான பதிவு. மூன்று வருடம் கைப்படப் பொய்ப் பதிவு செய்தவரிடம் டிக்கெட் மெஷினைக் கொடுக்க விதியில் இடமில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது என்று சகாக்கள் பிற்பாடு சொன்னார்கள். செங்கோடன் கவனிக்கவில்லை. அவர் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். நன்றாக இறுகியிருந்தது.

மாடிப்படி அருகே ஆறுச்சாமி ஓடி வந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான். புகார் வரத் தொடங்கியபோதே பழைய பதிவுகளைத் திருத்தச் சொன்னானாம், கம்பெனி விடவில்லையாம். விழுந்ததற்குக் கம்பெனி பொறுப்பு, உட்கார்ந்ததற்குப் பொறுப்பில்லை. அந்தச் சுகம் அவர்களுக்குப் பழகிவிட்டதாம். செங்கோடன் நாலு பேர் முன்னால் தானே மறுத்தால் மட்டும்தான் அவர்களால் மறைக்க முடியாதாம்.

"நீ சொல்லோணும்னுதான் பொட்டிய எடுத்தேன் மாப்ள. இப்ப நாற்பதாயிரம் பேரு காலு தப்பிச்சுது. என்னை நம்பு."

அது உண்மையாக இருக்கலாம். பாதி உண்மையாகவும் இருக்கலாம். ஓடி வரும் வழியிலேயே ஜோடித்ததாகவும் இருக்கலாம். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் சொல்லும் ஆயிரம் காரணங்களைக் கேட்ட காது செங்கோடனுடையது, ஆனால் இதை எதில் சேர்ப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

"என்ற வீடு உனக்குத் தெரியும்," என்றார் செங்கோடன். "அங்க வந்து சொல்லியிருந்தா, இதே வார்த்தைய நானே இங்க வந்து சொல்லியிருப்பேன். தேர்வுக்கு முன்னாடியே."

ஆறுச்சாமி படியை விட்டு விலகி வழிவிட்டான்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, செங்கோடன் இறங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கம்பியைப் பிடித்தார்.

பெட்டி மறுநாள் வீட்டுக்கு வந்தது. கம்பெனிக்கு வேறு வழியில்லை. பச்சையை மாற்ற அந்தக் கைரேகையால்தான் முடியும். சாப்பாட்டுக்குப் பிறகு செங்கோடன் அதை மடியில் வைத்துக்கொண்டார். திரையில் தேதிகள் ஒவ்வொன்றாக வந்தன. துளசிமணி பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே பார்த்தாள். சிவப்புப் பொத்தான் புதுச் செருப்பு போலக் கடித்தது. ஐந்தாறு தடவைக்குப் பிறகுதான் இளகியது.

"இது பொங்கலுக்கு முந்தின நாளுங்க," என்றாள் அவள், தேதியைப் பார்த்து. "முழங்கைத் தோலு பேந்து வந்தீங்க. சொவுத்துல ஒரசிக்கிச்சுன்னீங்க."

சிவப்பு.

"இது மச்சாண்டார் ஊட்டு வளைகாப்பு அன்னைக்கு. வேட்டியெல்லாம் சகதி. நாய் தாவுச்சுன்னீங்க."

அவளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டில் குறைந்தது முந்நூறு அவளுக்குத் தேதியோடு ஞாபகம் இருந்தது. ஏன் இத்தனை நாளும் கேட்கவில்லை என்று அவர் கேட்டார்.

"நீங்க நின்னுட்டு வந்தீங்கல்லங்க. அது போதும்னு இருந்துட்டேன்."

நூற்று நாற்பத்தாறாவது தேதியில் செங்கோடன் விரலை எடுத்துவிட்டார். இது மட்டும் நிஜமாகவே உட்கார்ந்தது, களைப்பாக இருந்தது, சத்தியமாக, என்றார். துளசிமணி புளியிலிருந்து தலையைத் தூக்காமல், "செகப்ப அமுத்துங்" என்றாள். அமுக்கினார்.

அதற்கப்புறம் நடந்ததை ஊரே பேசுகிறது. இரண்டே நாளில், நாற்பதாயிரம் முட்டியும் ஒரே நேரத்தில் முறுக்கிக்கொண்டு நின்றதாம். நாகர்கோவிலில் வாழைப்பழத் தோலை மிதித்த ஒருவர் விழாமல் அப்படியே சிலை போல நின்றதில், எதிரே வந்தவர் பார்த்துக்கொண்டே வந்து விழுந்தாராம். வாத்தியார் மட்டும் ஒரு தபால் அட்டை போட்டார். 'இப்போது நிற்கிறேன். நன்றி' என்று மட்டும். செங்கோடனும் நிற்கிறார், பயணியாக. சிங்காநல்லூர் வளைவில் அவருடைய முட்டி இரும்பாக இறுகும். புதுக் கண்டக்டர் ஒரு பெண். "உள்ள போங்க சார்" என்று அவரைப் பார்த்தே சொல்வாள். அவரும் உள்ளே போவார்.

பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுச்சாமி வந்தான். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தான். காப்பி வந்தது, குடித்தான். தன்னுடைய வேலை போய்விட்டது என்றும் மறுபடி பம்புப் பட்டறைக்கே போவதாகவும் சொன்னான். அதே பஸ்தான், இப்போதெல்லாம் தூக்கத்தில் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன், எழுப்ப ஆளில்லை என்றான். செங்கோடன் சிரித்தார், அளவாக.

வாசல் வரை போனவன் திரும்பினான். கேட்க வந்ததே அதுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மாப்ள, என்றமேல ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லப்பா," என்றார் செங்கோடன். "அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு."

சொல்லிவிட்டு, கையிலிருந்த பெட்டியில், வர்ணம் போய் எழுத்துத் தேய்ந்திருந்த பச்சைப் பொத்தானை ஒரு தடவை அமுக்கி, அவனிடம் நீட்டினார்.

ஆறுச்சாமி அதை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். செங்கோடன் பச்சையை அமுக்கினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா?